ஷூவுக்குள் நின்ற டம்ளர்

ஒரு சாக்ஸை ஒரே ஒரு தடவை மோந்து பார்த்தால் போதும்; அது எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் காலை விட்டுக் கழன்றது என்று மூக்கர் சொல்லிவிடுவார்.

இதைச் சொன்னது வேறு யார்? மூக்கரேதான். அதுவும் ஒரு குடும்பமே இடி விழுந்த மாதிரி நிற்கிற கூடத்தில், அவர்கள் கொடுத்த காபியை உறிஞ்சிக்கொண்டு.

"மழைக் காலத்துல மட்டும் அஞ்சு நிமிஷம் முன்னப்பின்ன ஆகும்," என்று அடக்கத்தோடு சேர்த்துக்கொண்டார்.

அவருடைய உதவியாளன் அத்தர், காலி கப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். தரையில் அவன் முகம் தெரிந்தது. மூக்குக்குள் வளர்ந்திருந்த ஒரு முடிகூடத் தெரிந்தது. அப்படி ஒரு சுத்தம்! மெத்தை நாற்காலிகள் அளவுகோல் வைத்து நிறுத்தினாற்போல் நின்றன. மேஜைமேல் இருந்த செய்தித்தாள், படித்த பிறகும் படிக்காததுபோல் மடிந்திருந்தது.

அத்தர் மூக்கரின் மனைவிக்குத் தம்பி. ஏழு வருஷம் வாசனைத் திரவியக் கடையில் கண்ணாடிக் குப்பிகளுக்கு நடுவே வாழ்ந்தவன். கடையை மூடிவிட்டதும் அக்காவின் சிபாரிசில் அத்தானிடம் வந்து சேர்ந்தான். அத்தானோ ரயில்வேயின் தொலைந்த பொருள் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவர். குடை, பெட்டி, பல்செட்டு, ஒற்றைச் செருப்பு என்று ஊரார் மறந்துவிட்டுப் போனதையெல்லாம் மோந்து பார்த்தே உரியவர் வீட்டுக் கதவைத் தட்டியதாகச் சொல்லிக்கொள்வார். ஓய்வு பெற்ற மறுநாளே துப்பறிவாளர் என்று வாசலில் பலகை மாட்டிவிட்டார்.

"சார்," என்றார் வீட்டுக்காரர். கப்பலில் என்ஜினியர். சட்டையின் மடிப்பில் விரலை வைத்தால் ரத்தம் வரும். "நான் உங்களைக் கூப்பிட்டது என் கப்பல் புத்தகத்தைக் கண்டுபிடிக்க. சாக்ஸ் ஜோசியம் கேட்க இல்ல."

"கேட்காமலே சொல்றதுதான் எங்க அத்தானோட பழக்கம்," என்றான் அத்தர்.

விஷயம் இதுதான். நீலத் தோல் அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகம். என்ஜினியர் எந்தெந்தக் கப்பலில் எத்தனை நாள் வேலை செய்தார் என்று முத்திரை குத்திய புத்தகம். அது கையில் இல்லாவிட்டால் எந்தக் கப்பலிலும் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். பதினோரு மாசம் வேலையில்லாமல் வீட்டோடு கிடந்தவருக்கு இப்போதுதான் ஒரு கப்பல் கிடைத்திருந்தது. சரியாக நாலு மணிக்கு ஏஜெண்டின் வேன் வரும். புத்தகம் இருந்தால் ஏறலாம். இல்லாவிட்டால் அடுத்த ஆள் ஏறுவான். இப்போது மணி இரண்டேகால்.

"கடைசியா எப்ப பார்த்தீங்க?" என்றார் மூக்கர்.

"செவ்வாய்க்கிழமை. கப்பல் ஆபீஸ்ல காட்டினேன். ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து அலமாரில, மேல் தட்டுல, வலது மூலையில வெச்சேன். இருபது வருஷமா அங்கதான் வெக்கறேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் அங்கதான் வெப்பேன்."

"வீடு முழுக்கத் தேடியாச்சா?"

"பத்து நிமிஷம்கூட ஆகல," என்றாள் அவர் மனைவி. அவள் பல் டாக்டர். "எங்க வீட்ல ஒரு ஊசி காணாம போனாலும் கண்ல பட்டுடும். ஒளிஞ்சுக்க இடமே கிடையாது. ஒரே ஒரு இடத்தைத் தவிர."

எல்லோருடைய கண்ணும் கூடத்தின் கோடியில் மூடியிருந்த ஒரு கதவுக்குப் போயிற்று. அந்தக் கதவில் சாய்ந்து ஒரு நெடிய பையன் நின்றான். பதினாறு வயது. தலைமுடி, படுக்கையிலிருந்து நேராக எழுந்து வந்த நாளை ஞாபகமாகப் பாதுகாத்து வைத்திருந்தது.

"நான் எடுக்கல," என்றான் பையன்.

"நீ தெரிஞ்சு எடுத்திருக்க மாட்டடா," என்றார் அப்பா. "கால்ல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். மூணு மணிக்குக் கழிவு அள்ற வண்டியை வரச் சொல்லியிருக்கேன். ரெண்டு ஆள், ரெண்டு மண்வெட்டி. அதுக்குள்ள இவர் கண்டுபிடிச்சா சரி. இல்லேன்னா எல்லாத்தையும் வாரி தெருவுல கொட்டிச் சலிச்சுப் பார்ப்பேன். நாளைக்குக் காலைல உன்னை ஹாஸ்டல்ல கொண்டு விட உங்கம்மாகிட்ட சொல்லியாச்சு. அப்ளிகேஷன் ஃபாரம்கூட நிரப்பிட்டேன்."

பையன் முதுகைக் கதவோடு இன்னும் அழுத்திக்கொண்டான். அத்தர் அதைப் பார்த்தான்.

பல் டாக்டர் ஆளுக்கு ஒரு முகமூடி கொடுத்தாள். அத்தர் இன்னொன்று கேட்டு வாங்கி அதன்மேல் மாட்டிக்கொண்டான். பையில் மிச்சமிருந்த மல்லிகை வாசனைக் குப்பியை இரண்டு முகமூடிகளுக்கும் நடுவே தெளித்துக்கொண்டான்.

கதவு திறந்தது.

நாற்றம் வந்தது என்று சொன்னால் போதாது. நாற்றங்கள் கதவுக்குப் பின்னால் வரிசையில் காத்து நின்றிருந்தன. திறந்ததும் ஒவ்வொன்றாக வந்து நலம் விசாரித்தன. முதலில் நனைந்து காய்ந்து மறுபடி நனைந்த கால்பந்து ஷூ. அடுத்தது, பாலாகப் பிறந்து தயிராக வளர்ந்து, இன்னும் யாரும் பேர் வைக்காத பருவத்தில் இருந்த ஒரு புட்டி. அதற்குப் பின்னால் வாழைப்பழத் தோல், ஈரத் துண்டு, எலியா வியர்வையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஏதோ ஒன்று. மல்லிகை ஒரே நொடியில் மயக்கம் போட்டு விழுந்தது.

"அத்தான்," என்றான் அத்தர், "அக்காவுக்கு நான் ஒரே தம்பி."

"வா மாப்ளே, வா. வாசம் பிடிச்சுப் பழகின மூக்குதானே?"

"இது வாசமா? இது வாசத்தோட பிணம் அத்தான்!"

தரை என்று ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டும். ஜன்னல் ஓரத்தில் கைக்குட்டை அகலத்துக்கு அது எட்டிப் பார்த்தது. மற்றபடி துணி, துணிமேல் புத்தகம், புத்தகத்தின்மேல் தட்டு, தட்டில் ஸ்பூன். அத்தர் ஸ்பூனைத் தூக்கினான். தட்டும் கூடவே வந்தது. தட்டைத் தூக்கினான், புத்தகமும் வந்தது. பயந்துபோய் மொத்தத்தையும் கீழே வைத்துவிட்டான். நாற்காலியில் போட்டிருந்த துண்டு, யாரும் பிடிக்காமலே நிமிர்ந்து நின்றது. ஒரு ஆப்பிளுக்குத் தாடி முளைத்திருந்தது. அதுவும் நரைத்த தாடி. கதவிலிருந்து கட்டில்வரை எறும்புகள் இரட்டைச் சாலை போட்டிருந்தன; போகிற வழி வேறு, வருகிற வழி வேறு. அந்த அறையில் ஒழுங்காக நடந்த ஒரே காரியம் அதுதான்.

"நான் பார்க்காத சொத்தைப் பல்லா?" என்றாள் பல் டாக்டர் கதவுக்கு வெளியே நின்று. "ஒரு நாளைக்கு இருபது வாய் பார்க்கறேன். இந்த ரூமைப் பார்த்தாதான் எனக்குக் குமட்டுது. அழுது பார்த்தேன். துணி துவைக்க மாட்டேன்னு சொல்லிப் பார்த்தேன். சட்டையை உள்பக்கம் வெளிய திருப்பிப் போட்டுக்கிட்டுப் போனான். போட்டோ எடுத்துச் சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்பினேன். ரூம் நல்லாருக்குன்னு அவன் சித்தி பையன் பதில் போட்டான்!"

"நான் என்ன செஞ்சேன் பாருங்க," என்று என்ஜினியர் வாசற்படியைக் காட்டினார். குறுக்கே பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு. "என்ஜின் ரூம்ல அபாயமான இடத்துக்கு இப்படித்தான் கோடு போடுவோம். ஆறு மாசத்துக்கு முன்னாடி நானே பெயின்ட் அடிச்சேன். இதைத் தாண்டி ஒரு அடி வெச்சா நான் மனுஷனே இல்லன்னு அன்னிக்குச் சொன்னேன். இன்னிவரைக்கும் தாண்டல."

அவர் ஷூ நுனி கோட்டுக்கு அரை அங்குலம் முன்னால் நின்றது.

மூக்கர் அறை நடுவே முட்டளவு குப்பையில் நின்றுகொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல் சுற்றிலும் பார்த்துப் பூரித்தார்.

"தம்பி, உனக்கு இங்க எது எங்க இருக்குன்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"உன் காம்பஸ் எங்க?"

"ஜன்னல்லேர்ந்து மூணாவது தட்டுக்குக் கீழ. பூஞ்சை இல்லாத தட்டு."

அத்தர் மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு விரலால் தட்டைத் தூக்கினான். காம்பஸ் இருந்தது. அதன் முனையில் ஏதோ குத்தியிருந்தது. அது என்ன என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

"அப்ப உனக்குத் தெரியாத பொருள் ஏதாவது இங்க இருக்கா?"

பையன் முதல் தடவையாக நிமிர்ந்தான். "அதைத்தான் சார் ரெண்டு மாசமாச் சொல்லிக்கிட்டிருக்கேன். ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. யாரோ வந்து என் ரூமைக் குப்பையாக்குறாங்க!"

என்ஜினியர் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பல் டாக்டரும் சிரித்தாள். அத்தருக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் சிரித்தால் நாற்றம் வாய்க்குள் போய்விடும் என்ற ஒரே காரணத்தால்தான் அவனால் அடக்க முடிந்தது.

மூக்கர் மட்டும் சிரிக்கவில்லை. கட்டில் கம்பியில் தொங்கிய ஒரு கறுப்பு சாக்ஸை நுனி விரலால் எடுத்தார்.

"இது உன்னுதா?"

"இல்ல சார். ஓட்டை இல்லாத சாக்ஸ் என்கிட்ட கிடையாது."

"வீட்ல எல்லாருக்கும் ஒரே மாதிரி கறுப்புதான். டஜன் கணக்குல நான்தான் வாங்குவேன்," என்றாள் பல் டாக்டர்.

மூக்கர் முகமூடியைக் கீழே இறக்கினார். அத்தர் கண்ணை மூடிக்கொண்டான். உலகத்தில் சில காரியங்களை ஒரு மனிதன் பார்க்கக் கூடாது. மூக்கர் சாக்ஸை மூக்கில் வைத்து ஆழமாக, சாவகாசமாக, பூந்தோட்டத்தில் நிற்பவர்போல் இழுத்தார்.

"செவ்வாய்க்கிழமை," என்றார். "சாயங்காலம் நாலு மணி."

"சுத்தப் பேத்தல்!" என்று கத்தினார் என்ஜினியர். "அன்னிக்கு நாலு மணிக்கு இவன் நீச்சல் பயிற்சில இருந்தான். இவ கிளினிக்ல இருந்தா. நான் கப்பல் ஆபீஸ்ல இருந்தேன். வீடு பூட்டியிருந்தது. சாக்ஸ் தானா நடந்து வந்துச்சா?"

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு," என்றார் மூக்கர். "மாப்ளே, அந்த ஷூவைப் பாரு."

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஷூ. அதற்குள் ஒரு கண்ணாடி டம்ளர், கழுத்துவரை இறங்கி, ஆடாமல் அசையாமல் நின்றது. அடியில் இரண்டு விரற்கடை எலுமிச்சைச் சாறு.

"சீ! ஷூவுக்குள்ள ஊத்திக் குடிக்கிறானா?" என்று அத்தர் இரண்டடி பின்வாங்கினான். பின்னால் கிடந்த ஏதோ ஒன்று காலடியில் மெத்தென்று அமுங்கிச் சத்தம் போட்டது. அவன் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் அந்த ஷூவை இனி வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

"மத்த டம்ளரெல்லாம் எப்படிக் கிடக்கு பாரு."

பார்த்தான். ஒன்று கவிழ்ந்து கிடந்தது. ஒன்று உருண்டு ஒரு சட்டைக்குள் போயிருந்தது. ஒன்றில் தலை சீவும் பிரஷ் குளித்துக்கொண்டிருந்தது.

"இப்ப சிப்ஸ் பாக்கெட்டைப் பாரு."

பதினேழு பாக்கெட்டுகள் கசங்கிச் சுருண்டு, எண்ணெய் வடிந்து கிடந்தன. மூன்று மட்டும் நாலாக மடித்து, ஓரம் ஓரத்தோடு பொருந்தி, ஒன்றின்மேல் ஒன்றாகத் தலையணைப் பக்கம் இருந்தன.

"குப்பைல குப்பையைத் தேடறவன் முட்டாள் மாப்ளே. சுத்தத்தைத் தேடணும்."

அத்தரின் மூளை படபடவென்று ஓடியது. "புரிஞ்சுபோச்சு அத்தான்! சுத்தப் பைத்தியம் பிடிச்ச ஒரு திருடன். பூட்டைத் திறந்து உள்ள வரான். குப்பையைப் பார்த்து மனசு தாங்காம மூணு பாக்கெட்டை மடிச்சு வெக்கறான். போகும்போது புத்தகத்தை எடுத்துக்கிட்டுப் போயிடறான்!"

"சிப்ஸையும் தின்னுட்டா?"

"உழைச்சவனுக்குப் பசிக்காதா?"

வாசலில் கனத்த ஹார்ன் அடித்தது. மூன்று மணி. கழிவு வண்டி வந்துவிட்டது. மண்வெட்டி தரையில் உரசும் சத்தம் கேட்டது. பையன் அறைக்குள் ஓடி வந்து கட்டிலின் முன்னால் கையை அகலமாக விரித்துக்கொண்டு நின்றான், ஏதோ அரண்மனையைக் காப்பவன்போல். அந்த அரண்மனையின் தாடி வைத்த ஆப்பிளைப் பார்க்கும்போதுகூட அத்தருக்கு இப்போது பாவமாகத்தான் இருந்தது.

"போதும் சார்," என்றார் என்ஜினியர். "ஆளுங்களை உள்ள விடறேன்."

"ஒரே நிமிஷம்," என்றார் மூக்கர். "காலு வலிக்குது. தம்பி, கொஞ்சம் ஒதுங்கு. மாப்ளே, நீ முதல்ல போய் அந்தச் சுவர் ஓரமா கட்டில்ல உட்காரு. எனக்கும் இடம் பண்ணு."

"அத்தான், அந்தப் போர்வை அசையுது."

"உட்காருன்னா உட்காரு."

அத்தர் எல்லாக் கடவுள்களையும் வேண்டிக்கொண்டான். போர்வையின் நடுவே, ஒரு ஆள் அடிக்கடி படுத்துப் பள்ளம் விழுந்த இடத்தை நோக்கி, பின்பக்கத்தை மெல்ல மெல்ல இறக்கினான். இன்னும் ஒரு சாண். இன்னும் நாலு விரல்.

"அங்க உட்காராதீங்க, ஸ்பிரிங் குத்தும்!"

சொன்னது என்ஜினியர்.

அத்தர் பாதி உட்கார்ந்த நிலையில் அப்படியே நின்றான். இரட்டைச் சாலையில் போய்க்கொண்டிருந்த எறும்புகள்கூட நின்று திரும்பிப் பார்த்தன என்று அத்தர் பின்னாளில் பலரிடம் சத்தியம் செய்திருக்கிறான்.

பையன்தான் முதலில் வாயைத் திறந்தான். "அந்த ஸ்பிரிங் வெளிய வந்து மூணு வாரம்தான்ப்பா ஆச்சு. நான் யார்கிட்டயும் சொல்லலையே."

பல் டாக்டர் முகமூடியைக் கழற்றினாள். நாற்றம் அவளுக்கு மறந்தே போய்விட்டது. மஞ்சள் கோட்டைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், மறுபடியும் கோட்டைப் பார்த்தாள்.

"பொதுவா..." என்றார் என்ஜினியர். "பொதுவாப் பழைய கட்டில்ல ஸ்பிரிங் குத்தும். எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும் தெரிஞ்சது அது," என்றார் மூக்கர். "எல்லாருக்கும் தெரியாதது ஒண்ணு இருக்கு. ஆடுற தரைல டம்ளரை எப்படி வைக்கறதுன்னு. ரயில்ல வர்றவன் டம்ளரைக் கையில பிடிச்சுக்குவான். வீட்ல இருக்கறவன் எங்கயாவது வெச்சு உருட்டி விட்ருவான். ஷூவுக்குள்ள இறக்கி வெக்கறவன் கப்பல்காரன் ஒருத்தன்தான். என் ஆபீஸ்ல துறைமுக ரயில்லேர்ந்து வந்த பெட்டியெல்லாம் அப்படித்தான் இருக்கும். ஷூவுக்குள்ள கண்ணாடிச் சாமான்."

"டம்ளரை யார் வேணும்னாலும்..."

"சரி, டம்ளரை விடுங்க. ஒரு கேள்வி. நீங்க புத்தகம் படிச்சுக்கிட்டிருக்கும்போது யாரோ வந்துட்டாங்க. சட்டுன்னு மூடணும். பக்கத்தோட மூலையை மடிப்பீங்களா?"

"மடிக்கறதா!" என்ஜினியர் உண்மையிலேயே அதிர்ந்து போனார். "புத்தகத்தை மடிக்கறவன் மனுஷனா? கையில எது இருக்கோ அதை அடையாளமா உள்ள வெச்சு..."

நின்றார். வலது கை மெதுவாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. அவர் முகத்தில் இருந்த ரத்தம் அந்தக் கையோடு இறங்கிப் போய்விட்டது. தெரிந்து மறைத்த முகம் அல்ல அது. இருபது வருஷம் ஒரே மூலையில் வைத்த கை, அன்றைக்கும் அங்கேதான் வைத்தது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. மனுஷர் அதை நம்பியிருக்கிறார்.

"மாப்ளே, தலையணைக்குக் கீழ."

அத்தர் தலையணையைத் தூக்கினான். அதன் உறை ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கலாம். இப்போது அதில் தலை வைத்த எல்லோருடைய சரித்திரமும் எண்ணெயில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே பல்லி முட்டை ஓடு ஒன்று, பாதி தின்ற பிஸ்கட் ஒன்று, பையனுடைய விண்வெளிப் படக்கதைப் புத்தகம் ஒன்று. நாற்பத்தாறாம் பக்கத்தில், மேலே சரியாக ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டு, நீலத் தோல் அட்டை.

அதை எடுத்தபோது பிஸ்கட்டும் கூட ஒட்டிக்கொண்டு வந்தது. அத்தர் உதறினான். அது விழவில்லை. இரண்டாம் தடவை உதறியபோது என்ஜினியரின் மடிப்புக் கலையாத சட்டையில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் அதைத் தட்டிவிடவில்லை.

பல் டாக்டர் வாசலுக்குப் போய் மண்வெட்டி ஆட்களிடம் ஏதோ சொன்னாள். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பிப் போயிற்று. திரும்பி வந்து கையைக் கட்டிக்கொண்டு கோட்டுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஆபீஸ்லேர்ந்து ஆறு மணிக்கு வந்தேன்னீங்களே?"

என்ஜினியர் சட்டையில் ஒட்டியிருந்த பிஸ்கட்டைக் குனிந்து பார்த்தார்.

"சொல்லுங்க. எத்தனை நாளா?"

"பதினோரு மாசமா வீட்ல இருக்கேன்," என்றார் என்ஜினியர். குரல் கீழே போயிருந்தது. "கப்பல்ல எல்லாம் அதது இடத்துல இருக்கணும். இங்கயும் அப்படித்தான். நான்தான் பழக்கினேன், இல்லேங்கல. வேலை இல்லாதவனுக்கு இந்தக் கூடத்துல எங்க உட்கார்ந்தாலும், எழுந்திருன்னு நாற்காலியே சொல்ற மாதிரி இருந்தது."

"அதனால?"

அவர் மனைவியைப் பார்க்கவில்லை, பையனைப் பார்த்தார். பையன் இன்னும் கையை விரித்தபடிதான் நின்றான். ஆபத்து நீங்கிவிட்டது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

"அப்போ ஹாஸ்டல்?" என்றான் பையன்.

தெருக்கோடியில் வேன் ஹார்ன் கேட்டது. நாலு மணிக்கு வரவேண்டியது முக்கால் மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டது. என்ஜினியர் அத்தர் கையிலிருந்து கப்பல் புத்தகத்தை வாங்கித் துடைத்துப் பையில் வைத்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு அப்படியே போயிருக்கலாம். ஆறு மாசம் கழித்துத்தான் திரும்பி வருவார், அதற்குள் எல்லாம் மறந்துபோகும். போய்விடுவார் என்றுதான் அத்தர் நினைத்தான்.

அவர் மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார். எங்கே கால் வைத்தால் அமுங்கும், எங்கே வைத்தால் ஒட்டும் என்று தெரிந்தவர்போல் வளைந்து வளைந்து வந்து பையன் எதிரில் நின்றார். விரித்த கையை இரண்டு பக்கமும் மெல்ல இறக்கிவிட்டார்.

"ஹாஸ்டலும் இல்ல, ஒரு மண்ணும் இல்லடா," என்றார். "செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு நான் இங்கதான் படுத்திருந்தேன். அதுக்கு முன்னாடியும் பல நாள். உன் ரூமைக் குப்பையாக்கினது நான்தான்."